மண்ணும் மாசுதான்: கட்டுமான சைட்டில் பெய்யும் மழை சதுப்பு நிலத்தை என்ன செய்கிறது?

கட்டடங்களால் சதுப்பு நிலம் அழிகிறது என்று சொன்னால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது ஆக்கிரமிப்புதான். லாரி லாரியாக மண் கொட்டி, மேடாக்கி, கல் நட்டு, பிளாட் போட்டு விற்பது. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, இன்னும் பேசவும் வேண்டும். ஆனால் சதுப்பு நிலத்தில் ஒரு அடிகூட கால் வைக்காமல், பல கிலோமீட்டர் தள்ளி, சொந்தப் பட்டா நிலத்தில், எல்லா அப்ரூவலும் வாங்கிக் கட்டப்படும் கட்டடமும் அதைக் கெடுக்க முடியும். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும்.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சென்னையின் பள்ளிக்கரணையை வைத்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே இருக்கிறது, பலரும் தினமும் அதன் ஓரமாகத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பள்ளிக்கரணை தென்சென்னையின் தாழ்வான பகுதி. சுற்றிலும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது. கிழக்குத் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று நாம் தனித்தனி ஊராக நினைக்கும் இடங்கள் தண்ணீரின் கணக்கில் ஒரே ஊர். முன்பு இந்த வழி முழுக்க ஏரிகள் சங்கிலியாக இருந்தன. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அது நிரம்பினால் சதுப்பு நிலத்துக்கு என்று தண்ணீர் நின்று நின்று இறங்கும். பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காடு பக்கம் கடலைத் தொடும்.

அந்தச் சங்கிலிதான் பழைய காலத்து வடிகட்டி. ஒவ்வொரு ஏரியிலும் தண்ணீர் சற்று நிற்கும்போது கொண்டுவந்த மண்ணில் ஒரு பங்கை அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். இப்போது சில ஏரிகள் சுருங்கிவிட்டன, சிலவற்றின் கால்வாய்கள் கட்டடங்களுக்கு அடியில் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்தது கான்கிரீட் மழைநீர் வடிகால். வடிகாலின் வேலை தண்ணீரை எங்கும் நிறுத்தாமல் கொண்டுபோவது. மண்ணையும் அது அப்படியே, எங்கும் நிறுத்தாமல் கொண்டுபோகும்.

சதுப்பு நிலம் 1960-களில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்ததாகச் சொல்வார்கள். ரயில் நிலையம், குப்பைக் கிடங்கு, ஐடி வளாகம், குடியிருப்பு என்று ஒவ்வொன்றாக வந்து பெரும்பகுதி போய்விட்டது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றக் கோடு போட்டாகிவிட்டது. கோட்டுக்கு வெளியிலிருந்து வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மேல்தோல் உரிந்த நிலம்

வீடோ, அடுக்குமாடியோ, மெட்ரோ தூணோ, முதல் வேலை ஒன்றுதான். ஜேசிபியை விட்டு நிலத்தைச் சுத்தம் செய்வது. புல், புதர், வேர், மேல்மண் எல்லாம் போய்விடும். செடி இருக்கும் நிலத்தில் மழைத்துளி முதலில் இலையில் விழுந்து, வேகம் குறைந்து, சருகில் சொட்டி, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். வெட்டவெளி மண்ணில் அது நேராக வந்து மோதும். பெரிய துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. அந்த அடியில் மண்கட்டி உடைந்து துகளாகிறது. உடைந்த துகள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ள, அடுத்து விழும் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடுகிறது. டிப்பரும் ஜேசிபியும் ஏறி இறங்கிய தரை ஏற்கனவே இறுகிப்போயிருக்கும். ஆக, ஓட அதிகத் தண்ணீர், தூக்கிப் போக உதிரி மண், தடுக்க ஒன்றுமில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும்: கட்டுமான சைட்டிலிருந்து அரித்துப்போகும் மண், விளைநிலத்தைவிட 10 முதல் 20 மடங்கு, காட்டு நிலத்தைவிட 1,000 முதல் 2,000 மடங்கு. இயற்கையாகப் பல பத்தாண்டுகளில் ஓர் ஓடையில் படியும் மண்ணை ஒரு சைட் சில மாதங்களில் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்றும் அது சொல்கிறது.

நம்மூர்க் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் சைட்டில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் மட்டும் 4 லட்சம் லிட்டர். அதில் பாதிதான் வெளியே ஓடுகிறது, லிட்டருக்கு 5 கிராம் மண் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (கலங்கல் தண்ணீருக்கு இது மிகையான அளவு இல்லை). ஒரு டன் மண் வாசலைத் தாண்டிவிட்டது. பத்து ஏக்கர் டவுன்ஷிப் என்றால் ஒரு டிப்பர் லோடு. ஒரே ஒரு மழைக்கு. சென்னைக்கு ஆண்டு மழையே சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 490 மில்லிமீட்டர். இந்த ஊரில் வெறும் மண்ணை அக்டோபரில் திறந்து வைப்பது என்பது தெரிந்தே செய்யும் காரியம்.

இன்னொரு வாசலும் இருக்கிறது, மழையே தேவையில்லாதது. இரண்டு மூன்று அடுக்கு பேஸ்மென்ட் தோண்டும்போது நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். வேலை நடக்க வேண்டுமே என்று மோட்டார் போட்டு இறைப்பார்கள். குழியின் அடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீர் களிமண் கரைசல். குழாயின் மறுமுனை பெரும்பாலும் பக்கத்து மழைநீர் வடிகாலின் மூடி இடுக்கில் செருகப்பட்டிருக்கும். வாரக்கணக்கில், இரவு பகலாக ஓடும். நல்ல வெயில் நாளில் வடிகாலில் காபி நிறத்தில் தண்ணீர் போவதைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் எங்கேயோ பேஸ்மென்ட் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாட்டிலில் ஒரு சோதனை

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இரண்டு கைப்பிடி மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் மணல் உட்கார்ந்துவிடும். மாலைக்குள் அதன்மேல் மிருதுவான ஓர் அடுக்கு, அது வண்டல். மறுநாள் பார்த்தாலும் மேலே தண்ணீர் மங்கலாகவே இருக்கும். அதுதான் களிமண்.

துகளின் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத தண்ணீரில், 0.1 மில்லிமீட்டர் மணல் அடியைத் தொட இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்குப் பத்து நாள் போல ஆகும். அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால். வடிகாலில் ஓடும் தண்ணீரில் களிமண் உட்காரவே உட்காராது.

இதனால் இரண்டு விளைவுகள். மணல் சீக்கிரம் இறங்குவதால் சைட்டுக்குப் பக்கத்திலேயே வடிகாலை அடைக்கும். மாநகராட்சி வருஷா வருஷம் தூர் வாருவது பெரும்பாலும் இதைத்தான். களிமண் கடைசி வரை போகும். ஓட்டம் நின்று, தண்ணீர் பரந்து, செடிகளுக்கிடையே தேங்கும் முதல் இடம் எதுவோ அங்கேதான் அது இறங்கும். அந்த இடம்தான் சதுப்பு நிலம். களிமண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு: உப்புத் தண்ணீரைத் தொட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு சட்டென்று இறங்கும். பக்கிங்காம் கால்வாய், முகத்துவாரம் போன்ற இடங்களில், அதாவது வெள்ளம் வடிய வேண்டிய கழுத்துப் பகுதியிலேயே, சேறு சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

“சதுப்பு நிலமே வடிகட்டிதானே?”

நியாயமான கேள்வி. சதுப்பு நிலம் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். செய்கிறது. கோரைக்கும் சம்புக்கும் நடுவே தண்ணீர் வேகமிழந்து மண்ணை இறக்கும்; அடிச்சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைப் பிரித்துக் காற்றில் விடும். ஆனால் இறங்கிய மண் எங்கேயும் போவதில்லை. அங்கேயேதான் இருக்கிறது. நாம் சுத்தம் என்று சொல்வது தண்ணீரின் பக்கமிருந்து பார்த்து. நிலத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது மேடாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் 10,000 கன மீட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போய்விட்டது என்று பொருள், அதாவது ஒரு கோடி லிட்டர். ராம்சார் பரப்பு முழுவதிலும் ஒரு சென்டிமீட்டர் என்றால் சுமார் 12 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் இல்லாமல் போகாது. வேறிடம் தேடும். தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அது எங்கே என்று தெரியும்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் எல்லோரும் காது கொடுப்பார்கள் என்பதால் அதை முதலில் சொன்னேன். உயிர்களுக்கு நடப்பது அதைவிட மோசம்.

முதலில் வெளிச்சம். தெளிந்த தண்ணீரில் வெயில் அடிவரை இறங்கும். வேலம்பாசி போன்ற மூழ்கி வளரும் செடிகள் அந்த வெளிச்சத்தில் உணவு தயாரித்து, தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் மேலோடு நின்றுவிடும். செடி வாடும், அழுகும், அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பழுப்பு நிறத் தண்ணீர் வெயிலை அதிகம் உள்வாங்கிச் சூடாகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்.

அடுத்து மீன். மீனின் செவுள் மிக மெல்லிய சவ்வு, அதன் இடுக்குகளில் துகள் போய் உரசிக்கொண்டே இருந்தால் மூச்சு திணறும், நோய் தொற்றும். வளர்ந்த மீன் நீந்தித் தப்பிக்கப் பார்க்கும். முட்டைக்கு அந்த வசதி இல்லை. கல்லிலும் செடித்தண்டிலும் ஒட்டிவைத்த முட்டைகள்மேல் மெல்லிய சேற்றுப்படலம் ஒன்று படிந்தாலே உள்ளே ஆக்சிஜன் போகாது. கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் மீன்கொத்திக்கும் கலங்கலில் மீன் இருந்தும் பயனில்லை.

அடிமட்டத்தில் நடப்பது நம் கண்ணில் படாததால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தின் சேறு வெறும் சேறு இல்லை. அதில் நத்தை, புழு, கொசு போன்ற பூச்சிகளின் இளம்பருவம், சிறு ஓடுடைய உயிர்கள், அவற்றின் முட்டைகள், பல ஆண்டுகளாக உறங்கும் செடி விதைகள் எல்லாம் இருக்கின்றன. கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்தாலும் முதல் மழையில் அது பச்சையாவது இந்த விதைச் சேமிப்பால்தான். அமெரிக்காவின் வடக்குச் சமவெளியில் சிறு சதுப்புக் குட்டைகளின் சேற்றை எடுத்து, அதன்மேல் வண்டல் தூவிப் பார்த்தார்கள். அரை சென்டிமீட்டர் வண்டல் போட்டதற்கே முளைத்துவந்த செடிகள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. சேற்றிலிருந்து வெளிவரும் சிற்றுயிர்கள் ஏறக்குறைய முழுவதுமாக நின்றுபோயின. அரை சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் நீளம்கூட இல்லை.

நத்தை போனால் நத்தைகுத்தி நாரை போகும். மேலோட்டமான தண்ணீரில் சிற்றுயிர்களை வடித்துத் தின்னும் பூநாரைக்கும் அங்கே வேலை இருக்காது. மிதக்கும் இலைமேல் நடந்து, மிதக்கும் இலைமேலேயே முட்டையிடும் நீளவால் இலைக்கோழிக்கு அல்லியும் தாமரையும் வேண்டும், அவற்றுக்கு ஓரளவு ஆழமும் ஓரளவு தெளிவும் வேண்டும்.

பிறகு அந்த இடத்தில் என்ன வரும்? ஒன்றும் இல்லாமல் போகாது, பச்சையாகத்தான் இருக்கும். அதனால்தான் பலருக்கு இழப்பே தெரிவதில்லை. மண் மேடேறி, சத்தும் கூடினால் சம்பு அடர்ந்து எல்லாவற்றையும் மூடும். திறந்த தண்ணீரில் ஆகாயத்தாமரை பரவும். இன்னும் மேடானால் ஓரத்திலிருந்து சீமைக்கருவேலம் உள்ளே வரும். நூறு வகை இருந்த இடத்தில் இரண்டு மூன்று வகை. பாலத்திலிருந்து பார்ப்பவருக்கு “பரவாயில்லையே, பச்சைப்பசேல் என்று இருக்கிறதே” என்று தோன்றும்.

மண்ணோடு ஒட்டிக்கொண்டு வருபவை

களிமண் துகளுக்கு ஒட்டும் குணம் அதிகம். பாஸ்பரஸ், துத்தநாகம் போன்ற உலோகங்கள், டீசல் கசிவு, சென்ட்ரிங் பலகையில் தடவும் எண்ணெய் எல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்ளும். ஆகாயத்தாமரைக்குக் கிடைக்கும் பாஸ்பரஸில் ஒரு பங்கு இப்படிச் சவாரி செய்து வந்ததுதான்.

சிமென்ட் தனி ரகம். ரெடிமிக்ஸ் லாரி கான்கிரீட்டை இறக்கியதும் டிரைவர் டிரம்மைக் கழுவித்தான் கிளம்புவார், கழுவாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும். சாம்பல் நிறத்தில் ஓடும் அந்தக் கழுவல் தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 12 அளவில் இருக்கும். நல்ல தண்ணீருக்கு 7. பி.எச். அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், ஐந்து படி என்பது லட்சம் மடங்கு காரம். கழிவுநீரும் கலக்கும் நீர்நிலையில் இது இரட்டை வேலை செய்கிறது: கழிவிலுள்ள அம்மோனியா, காரம் கூடினால் மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறும். ஏற்கனவே நோயாளியாக இருக்கும் நீர்நிலைக்கு, ஆரோக்கியமான நீர்நிலையைவிட இந்தத் தண்ணீர் ஆபத்தானது.

எங்கே நிறுத்துவது

இந்தப் பிரச்சினையில் நல்ல செய்தி ஒன்று உண்டு. தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரிக்கக் கோடிகள் வேண்டும். சைட் மண்ணை நிறுத்தத் துணியும் ஜல்லியும் கொஞ்சம் திட்டமிடலும் போதும். ஆனால் வரிசை முக்கியம். பலர் வாசலில் தடுப்பு போடுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது மண் கிளம்பாமல் பார்த்துக்கொள்வதிலிருந்து. பாட்டில் சோதனை சொன்னதுபோல, ஒருமுறை தண்ணீரில் கரைந்துவிட்ட களிமண்ணைத் திரும்பப் பிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

முதல் வழி, திறக்காமலிருப்பது. பத்து ஏக்கரையும் முதல் நாளே உரித்துப் போடாமல், கட்டப்போகும் பகுதியை மட்டும் திறப்பது. அடித்தள வேலையை ஜனவரியில் தொடங்கி அக்டோபருக்குள் தரைமட்டத்தைத் தாண்டுவது. எல்லா நேரமும் இது முடியாது, கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்கும் சைட்டுக்கும் பார்க்காத சைட்டுக்கும் வித்தியாசம் பெரிது.

இரண்டாவது, திறந்ததை மூடுவது. சில வாரங்களுக்கு வேலை இல்லாத மண்மேடு என்றால் அதன்மேல் வைக்கோலோ, தென்னை நார் விரிப்போ போட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் நெய்யும் நார் விரிப்பு வெளிநாட்டுச் சரிவுகளுக்கெல்லாம் போகிறது, நம்மூர் சைட்டில் பார்ப்பது அபூர்வம். நீண்ட நாள் கிடக்கும் சரிவு என்றால் புல்லோ வெட்டிவேரோ வைக்கலாம். எம்-சாண்ட் குவியலையும் எடுத்து வைத்த மேல்மண்ணையும் வடிகால் பக்கம் கொட்டாமல் சைட்டின் உள்பக்கம் கொட்டச் சொல்வதற்குக் காசே வேண்டாம், மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை போதும்.

அதற்கும் பிறகுதான் தடுப்பு. நம் சைட்டுகளைச் சுற்றி இருக்கும் தகர ஷீட் பார்வையை மறைக்கும், தண்ணீரை மறிக்காது. மழை நின்ற மறுநாள் தகரத்துக்கு அடியில் இருந்து ரோடு வரை பழுப்புச் சேறு விரிந்து கிடக்கும். வெயிலில் காய்ந்து வண்டிகள் ஏறித் தூசாகும், மிச்சத்தைக் காலையில் பெருக்கி வடிகாலுக்குள் தள்ளிவிடுவார்கள். அந்த இடத்தில் தேவைப்படுவது வண்டல் தடுப்புத் துணி: குச்சிகள் நட்டு, அதில் கட்டி, அடிப்பகுதியை ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைக்க வேண்டும். புதைக்காத துணி வெறும் அலங்காரம், தண்ணீர் அடியில் நுழைந்து போய்விடும். பெருவெள்ளமாக ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே இதைக் கட்டுவதும் வீண். மெல்லப் பரவி வரும் தண்ணீருக்குத்தான் இது. வாசலில் பத்துப் பதினைந்து மீட்டருக்குப் பெரிய ஜல்லி பரப்பினால் டிப்பர் டயரில் ஒட்டிய சேறு அங்கேயே உதிரும்.

பெரிய சைட்டுகளில் வண்டல் குட்டை ஒன்று வெட்டி, வழியும் தண்ணீரையும் பேஸ்மென்ட் மோட்டார் தண்ணீரையும் அதில் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வெளியே விடலாம். அமெரிக்காவில் இந்தக் குட்டைக்கு ஏக்கருக்கு 3,600 கன அடி என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், சுமார் ஒரு லட்சம் லிட்டர். நம் வடகிழக்குப் பருவமழைக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் போதாது. மேலே போட்ட கணக்கில் 100 மில்லிமீட்டருக்கே இரண்டு லட்சம் லிட்டர் வெளியே ஓடியது. அந்தக் குட்டையும் களிமண்ணை முழுக்கப் பிடிக்காது. அதனால்தான் மூடுவதை முதலில் சொன்னது.

ரெடிமிக்ஸ் கழுவலுக்கு ஒரு குழி, உள்ளே தார்ப்பாய். தண்ணீர் ஆவியானதும் இறுகிய கான்கிரீட்டை உடைத்து இடிபாட்டுக் கழிவோடு அனுப்பிவிடலாம்.

சட்டம் எதை அளக்கிறது

இந்தியாவில் 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடப் பரப்பு உள்ள திட்டங்களுக்கு 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். மேல்மண்ணை எடுத்து வைத்துப் பிறகு தோட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அந்த அனுமதியில் வரும். அந்த அளவுக்குக் கீழே உள்ள சைட்டுகளுக்கு இந்தக் கதவே இல்லை. அமெரிக்காவில் மழைநீர் அனுமதிக்கு அளவுகோல் வேறு. 1990-ல் ஐந்து ஏக்கர் என்று தொடங்கி, பிறகு ஒரு ஏக்கர் நிலத்தைக் கிளறினாலே அனுமதி வேண்டும் என்று இறக்கினார்கள். நாம் எழும்பப்போகும் கட்டடத்தை அளக்கிறோம், அவர்கள் உரிக்கப்படும் மண்ணை அளக்கிறார்கள். மழைக்கு எத்தனை மாடி என்பது முக்கியமில்லை, எத்தனை சென்ட் வெறும் மண் என்பதுதான் முக்கியம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் அளவுகோல் சரி என்பது என் கட்சி. ஒரு ஏக்கரில் பத்து வில்லா கட்டும் சைட்டு, மாடிக் கணக்கில் சின்னது. பருவமழைக்கு அது பெரியதுதான்.

2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை பள்ளிக்கரணை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. அதன் சரி தவறு பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஆக்கிரமிப்பைத் தடுக்க அப்படி ஒரு வளையம் உதவும். ஆனால் நீர்ப்பிடிப்புப் பரப்பு 250 சதுர கிலோமீட்டர். மாடம்பாக்கத்தில் கரைந்த களிமண் வளையத்துக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. தடை ஓரிடத்தில் வேண்டும், மண் நிறுத்தும் வேலை நீர்ப்பிடிப்பு முழுவதும் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று பதிலாகாது.

கட்டடம் முடிந்த பிறகு மண் வருவது நின்றுவிடும், தண்ணீர் வருவது கூடிவிடும். மொட்டை மாடியும் கார் நிறுத்தும் தளமும் ஒரு சொட்டையும் உறிஞ்சாது. மழை பெய்த அரை மணிக்குள் எல்லாம் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர்வதால், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டிய நீர்மட்டம் குதித்துக் குதித்து ஏறும், மிதக்கும் கூடுகள் அடித்துப் போகும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

வீடு வாங்கப் போகிறவர்களும் அக்கம்பக்கத்தவர்களும் சைட்டுக்குப் போய்ப் பார்ப்பதாக இருந்தால் மழை பெய்யும்போதோ நின்ற உடனேயோ போங்கள். வாசல் ஜல்லி, மோட்டார் குழாயின் மறுமுனை, பக்கத்து வடிகால் மூடி, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். வடிகாலுக்குள் சேற்றுத் தண்ணீர் விடுவதைப் பார்த்தால் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913-க்குப் போன் செய்யலாம், போட்டோ கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

கட்டுபவர்கள் பக்கம் ஒரு விஷயம் மாறாமல் இதெல்லாம் நடக்காது. கான்ட்ராக்டர் செய்வது பி.ஓ.க்யூ.வில், அதாவது எந்த வேலை எவ்வளவு, என்ன ரேட் என்று சொல்லும் டெண்டர் பட்டியலில், எழுதியிருப்பதை. சிமென்ட் மூட்டைக்கு அதில் ஓர் ஐட்டம் உண்டு, கம்பிக்கு டன் கணக்கு உண்டு, தகரத் தடுப்புக்குக்கூட ரன்னிங் மீட்டர் ரேட் உண்டு. வண்டல் தடுப்புத் துணிக்கும் நார் விரிப்புக்கும் கழுவல் குழிக்கும் பெரும்பாலான டெண்டர்களில் ஐட்டமே கிடையாது. “மழைநீர் மேலாண்மை கான்ட்ராக்டரின் பொறுப்பு” என்று பொதுவாக ஒரு வாக்கியம் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதற்குப் பணம் இல்லாததால் வேலையும் இல்லை. துணி இத்தனை மீட்டர், விரிப்பு இத்தனை சதுர மீட்டர், ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் சேறு அள்ளுவதற்கு இத்தனை முறை என்று தனித்தனி ஐட்டமாக எழுதி, ரேட் போட்டு, அக்டோபர் மாத பில்லில் அளந்து பார்க்க வேண்டும். அளக்க வரும் இன்ஜினியர் தகரத்துக்கு உள்ளே நின்று அளந்தால் போதாது, வெளியே வந்து வடிகால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.